இருபது வருடம் நின்ற மோரிஸ் மைனர்: பேட்டரியை மாட்டும் முன்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வைத்திருந்த 1958 மோரிஸ் மைனர் 1000, இருபது வருடத்துக்கு மேலாகக் கொட்டகையில் நிற்கிறது. தையில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது நிறைவுச் சாந்தி. அன்றைக்குக் கோயில் வரைக்குமாவது ஓட்டிப் போக ஆசை. டிராக்டர் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இருபது வருடம் நின்றதில் ஆகாத சேதம் அந்தப் பத்து நொடியில் ஆகிவிடும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் காய்ந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கலாம். ஏதாவது ஒரு வால்வு இறுகிப்போய்த் திறந்தபடியே நிற்கலாம். செல்ஃப் மோட்டார் பலத்தில் சுற்றினால் ரிங் உடையும், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடு வளையும். இன்னொன்று, டிராக்டரில் பொதுவாக பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். உங்கள் மோரிஸ் கம்பெனியிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் பாடியில். மாற்றி மாட்டினால் டைனமோ ஒழுங்காக சார்ஜ் கொடுக்காது, ரெகுலேட்டர் பாயிண்ட் கருகும். இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்பதை வயரிங்கைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் டார்ச். சீட்டுக்கு அடியில் கை விடும் முன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சாரை படுத்திருந்தால் வயரைக் கடிக்கும் எலி குறைவாக இருந்திருக்கும், அதுவரைக்கும் லாபம். சைலன்சர் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், கம்பி விட்டுக் குடையுங்கள். ஏர் கிளீனரையும் திறந்து பாருங்கள்.

இனி இன்ஜின். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் 15 மி.லி. ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, வண்டியோடு வந்த ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். அசையவில்லை என்றால் ஹேண்டிலில் பைப்பைச் செருகி நெம்ப வேண்டாம். மறுபடி ஊற்றி ஒரு வாரம் காத்திருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் இலேசாக ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜின் தலைமேல் இருக்கும் ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்பு) மூடியைக் கழற்றிவிட்டு ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எட்டு வால்வும் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். ஏறாத வால்வுக்கு மேலே ராக்கர் தொளதொளவென்று நிற்கும். அந்தத் தண்டில் டீசல் விட்டு, மரக்கட்டையால் இலேசாகத் தட்டி விடுவிக்கலாம். டேப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே, 0.30 மி.மீ., இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. கணக்கு எளிது, கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: ஒன்றாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள், மூன்று திறந்திருந்தால் ஆறு.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20W-50 ஆயில் சுமார் 3.7 லிட்டர் விடுங்கள். இப்போதுதான் பேட்டரி. பிளக் இல்லாமலேயே பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் பம்பு வறண்டிருக்கிறது. இன்ஜின் பிளாக்கிலிருந்து ஆயில் ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பிளாக் பக்கத் துளையில் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். விளக்கு அணையும்வரை பிளக் மாட்டாதீர்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.4 மி.மீ., சிலிண்டர்கள் பற்றும் ஃபயரிங் வரிசை 1-3-4-2. பாயிண்ட்டோடு இருக்கும் கன்டென்சர் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதாகப் போடுங்கள், மலிவுதான்.

பழைய டேங்க்கை நம்ப வேண்டாம். முதல் முறை ஒரு லிட்டர் கேனிலிருந்து புது ஹோஸ் வழியாகப் பம்புக்குப் பெட்ரோல் கொடுங்கள். எஸ்யூ கம்பெனி பெட்ரோல் மின்பம்பு டிக் டிக் என்று அடிக்காவிட்டால் அதன் பாயிண்ட் கருத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் 'டொக்' என்று விழ வேண்டும். இழுத்துக்கொண்டு இறங்கினால் தின்னரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு எமன். ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்குவதாக மாற்றுங்கள். டேங்க்கில் ஓட்டை இருந்தால் அப்படியே வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம். காலி டேங்க்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.

நம் பக்கத்துக் காய்ந்த காற்றில் கடலோரத்து வண்டிபோல அடித்தகடு அவ்வளவு உளுத்திருக்காது. ஆனால் அதே வெயில் ரப்பரைத் தின்றிருக்கும், அதை முழுதாகக் காட்டுவது பிரேக். இன்ஜின் ஓடியதும் ஆசையில் தெருவுக்கு இறக்கிவிடாதீர்கள். இந்த வண்டியில் பிரேக் ஆயில் போவது ஒரே சர்க்யூட்டில். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. வீல் சிலிண்டர், ஓட்டுநர் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ்கள், எல்லாவற்றுக்கும் புது ரப்பர், டாட் 4 ஆயில். இன்ஜின் ஆயிலைத் தவறியும் அதில் ஊற்றக் கூடாது, சீல்கள் உப்பிவிடும். டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசியில் தேதிக்கு மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000-க்கு முந்தியது.

ரேடியேட்டரில் ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியாகியிருக்கும். 50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், அதனால் டிஸ்க் பிரேக், ஏசி யோசனைகளை இப்போதே விட்டுவிடுங்கள்.

சாந்தியன்று நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்வலமாக ஓட்ட வேண்டாம். ஃபேன் இன்ஜின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. மெதுவாக ஓடினால் காற்று போதாது, கிளட்சும் தேயும். அப்பச்சியையும் ஆத்தாவையும் ஏற்றி, மேளம் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து நேரே கோயில் வாசலுக்கு ஓட்டுங்கள்.