தொலைநோக்கி பூட்டாத துவக்கு

அன்பின் ஐயா,

பின்லாந்துச் சினைப்பர் சிமோ ஹய்ஹா தொலைநோக்கி பூட்டாத துவக்கால் 500 பேருக்கு மேல் சுட்டார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மறைந்திருக்கும்போது வாயில் வெண்பனியை அடக்கி வைத்திருப்பாராம். காடு பழகின என் பெரியப்பா நம்பவே மாட்டேன் என்கிறார். நடக்கக்கூடிய காரியமா?

வாசகர், ஒட்டுசுட்டான்

அன்பின் தம்பி,

நடக்கக்கூடியதுதான். பெரியப்பாவிடம் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். 1939 நவம்பர் 30இல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. ஹய்ஹா நின்ற கொல்லா முனை அடர்ந்த காடு. அங்கே வெகுதூரச் சூட்டுக்கு வெளி கிடைப்பது அரிது. 150 மீற்றரில் பழகிய கைக்குத் துவக்கோடு வரும் இரும்புக் குறியே போதும். அவர் சண்டைக்கு முன்பே சுடும் போட்டிகளில் பெயரெடுத்த விவசாயி.

தொலைநோக்கி குழலுக்கு மேலே நிற்கிறது. அதற்குள் பார்க்கத் தலையையும் உயர்த்த வேண்டும். அந்தச் சில சென்றிமீற்றரே எதிரிக்குப் போதும். வெயில் பட்டால் கண்ணாடி மின்னும். மைனஸ் 40 பாகை வரை போன குளிரில், சுடுபவரின் மூச்சே கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும். அவருடைய எம்/28-30 துவக்கில் இந்த மூன்று தொல்லையும் இல்லை.

குறியைவிட அவருடைய ஆயத்தத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குழல்வாய்க்கு முன்னாலிருக்கும் தளர்ந்த பனியை அடித்து இறுக்கிவிடுவார். இல்லாவிட்டால் வெடியின் காற்று பனித்தூளைக் கிளப்பி ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வாயில் பனி வைத்தது மூச்சை அடக்குவதற்கல்ல. வாய் குளிர்ந்திருந்தால் வெளிவிடும் மூச்சு ஆவியாகத் தெரியாது. கரையக் கரைய மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குளிரில் கிடந்த துவக்கைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். திரும்ப வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறைந்து பூட்டு இறுகிவிடும். எண்ணெய் கூடினாலும் அதே கதிதான், குளிரில் தடித்துவிடும். துடைத்து உலரவைப்பது அங்கே உயிர்ப்பிரச்சினை. துவக்கைப் பராமரிப்பதில் அவர் பொல்லாத கண்டிப்புக்காரர்.

வன்னியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆடி வெயிலில் வயல்வெளிமேல் கானல் எழும்பினால் பார்க்கும் பொருளே நெளியும். பனித்தூளின் இடத்தில் செம்புழுதி. மாரியில் இரும்பு உறைவதில்லை, துருவேறும். பெரியப்பாவின் சந்தேகம் எங்கள் காட்டை வைத்துப் பார்த்தால் நியாயமானதே.

எண்ணிக்கையில் மட்டும் காணொளியை அப்படியே நம்ப வேண்டாம். 505, 542 என இரண்டும் புழங்குகின்றன. அவர் தொடர்ந்து சுடக்கூடிய சுவோமி சப்மெஷின் துவக்கோடும் சண்டை பிடித்தவர் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1940 மார்ச் 6இல் வெடிக்கும் சன்னமொன்று அவருடைய இடது தாடையைச் சிதைத்தது. நினைவு திரும்பியது 13ஆம் திகதி, சண்டை ஓய்ந்த நாள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கோப்ரல் தரத்திலிருந்து நேரே இரண்டாம் லெப்ரினன்ற் ஆக்கினார்கள். முகத்துக்குப் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. அதன்பின் தோட்டம், நாய் வளர்ப்பு, வேட்டை என்று வாழ்ந்து 2002இல், 96 வயதில் காலமானார்.