இணைப்பு உச்சம் தெரியாவிட்டால் மருந்து டி.என்.ஏ.வுடன் பிணையவில்லை என்று பொருளா?

கேள்வி: நான் தயாரித்த அக்ரிடின் வகைச் சேர்மத்தை 12 கார இணைகள் கொண்ட டி.என்.ஏ.வுடன் கலந்து, ஒரு முகவர் மூலம், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சோதனைக்கு அனுப்பினேன். வந்த படத்தில் தனித்தனி இழைகளுக்கும் மருந்துக்கும் உரிய உச்சங்கள் மட்டுமே தெரிகின்றன; இரண்டும் பிணைந்ததைக் காட்டும் இணைப்பு உச்சம் இல்லை. சேர்மம் பிணையவில்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா?

பதில்: எழுத வேண்டாம். உங்களுக்கு வந்த படத்தில் ஈரிழை டி.என்.ஏ.வே இல்லை. இழைகள் பிரிந்துபோன பின், கார இணைகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும் மருந்துக்குத் தங்க இடம் ஏது? எந்த மாதிரி வந்தாலும் அதை ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் ஓடும் எச்.பி.எல்.சி. என்னும் பிரித்தெடுக்கும் கருவி வழியாகச் செலுத்துவது பல ஆய்வுக்கூடங்களின் வழக்கம். சிறு மூலக்கூறின் நிறையை அறிய அது நல்ல முறைதான். ஈரிழையையோ அது கருவிக்குள் நுழையும் முன்பே குலைத்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது, எதிர்மின் அயனி நிலையில் மென்மையாக இயக்கப்படும் எலக்ட்ரோஸ்பிரே முறையும் (கரைசலை மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்குவது), மாதிரியை நேரடியாகச் செலுத்துவதும். ஈரிழை சேர்ந்திருக்க உப்பு தேவை. ஆனால் பாஸ்பேட் பஃபரிலுள்ள சோடியம் ஒவ்வொன்றாக ஒட்ட ஒட்ட நிறை சுமார் 22 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வீதம் கூடி, ஓர் உச்சம் பலவாகச் சிதறிவிடும். அதற்குப் பதிலாக 100 முதல் 150 மில்லிமோலார் வரையிலான அம்மோனியம் அசிடேட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்; அது கருவிக்குள் ஆவியாகி விலகிவிடும்.

பிளாட்டினம் அடங்கிய புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் இதற்கு விலக்கு. அதைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனெனில் மற்றவர்களின் படத்தில் தெரிந்த இணைப்பு உச்சம் உன் படத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்கும் நெறியாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அது குவானினின் ஏழாம் நைட்ரஜனோடு, பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானின்களோடு, உறுதியான வேதிப்பிணைப்பே கொள்கிறது. எனவே இழைகள் பிரிந்தாலும் பிளாட்டினம் தன் இழையிலேயே நிற்கும்; இரு அம்மோனியாவோடு சேர்த்து நிறை சுமார் 227 டால்டன் கூடும்; பிளாட்டினத்தின் 194, 195, 196 ஐசோடோப்புகள் உச்சத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். அமிலம் ஓடும் முறையிலும் அது தெரிவதில் வியப்பில்லை. ஆனால் சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) என்னும் கரைப்பானில் கரைத்தால் அந்தக் கரைப்பானே பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு சோதனையைக் கெடுக்கும்.

மாதிரியை வாங்கி எங்கோ அனுப்பிவிட்டு ஒற்றைப் பக்கப் படத்தை மட்டும் தரும் முகவர்களை நம்பாதீர்கள். கரைப்பான், மின்னழுத்தம், அயனி நிலை ஆகியவற்றோடு மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இணைப்பு உச்சத்தை வரவழைத்துத் தருவதாகச் சொல்பவர் இன்னும் ஆபத்தானவர்: மருந்தின் செறிவை அளவுக்கு மீறிக் கூட்டினால், துளி வற்றும்போது உண்மையில் பிணையாத மருந்தும் பிணைந்ததுபோலத் தோன்றும். கோடிக்கணக்கில் கருவி வாங்கிவிட்டு, அதை இயக்கத் தெரிந்தவருக்கு ஒரு நிலையான பணியிடம் தர மறுக்கும் நிர்வாகங்கள்தாம் மாணவர்களை இந்த இடைத்தரகர்களிடம் தள்ளுகின்றன.

அடுத்த முறை, கார இணைகளுக்கு நடுவே செருகிக்கொள்வது உறுதியாகத் தெரிந்த டவுனோமைசின் என்னும் மருந்தை அதே டி.என்.ஏ.வுடன் கலந்த மாதிரியையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அனுப்புங்கள். ஈரிழையின் நிறையோடு சுமார் 527 டால்டன் கூடிய உச்சம் அதில் தெரிந்து, உங்கள் சேர்மத்துக்கு மட்டும் இணைப்பு உச்சம் தெரியாவிட்டால், அப்போது பிணையவில்லை என்ற பேச்சை எடுக்கலாம்.