பாஸ்வெல் ஜால்ராவா?

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் டாக்டர் ஜான்சன் பின்னாலேயே சுற்றி, அவர் பேசியதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லை நண்பர் என்பதா, ஜால்ரா என்பதா? எங்கள் மாட்டுங்கா வாசகர் வட்டத்தில் இதுதான் இப்போது சண்டை. என் வீட்டுக்காரர் ஜால்ரா கட்சி.
- ஒரு வாசகி, மும்பை

பதில்: ஜால்ரா அடிக்கிறவன் தான் வாங்கிய குட்டுகளை அச்சில் ஏற்றுவானா என்று அவரிடமே கேளுங்கள்.

1763 மே 16, லண்டனில் டாம் டேவிஸ் என்பவரின் புத்தகக்கடை. பாஸ்வெல்லுக்கு 22 வயது, ஜான்சனுக்கு 53. ஜான்சன் ஆங்கில அகராதி போட்டுப் பெயர் வாங்கியவர், ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றாலே அவருக்கு இளக்காரம் (ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைத் தீனி, ஸ்காட்லாந்தில் மனுஷச் சாப்பாடு என்று அகராதியிலேயே குத்தியவர்). என் ஊரைச் சொல்லிவிடாதீர்கள் என்று பாஸ்வெல் கெஞ்ச, டேவிஸ் வேண்டுமென்றே போட்டு உடைத்தார். "ஸ்காட்லாந்துதான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று பாஸ்வெல் வழிய, "உங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான், ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறார்கள்" என்று ஜான்சன் ஒரே போடாகப் போட்டார். இதை உலகத்துக்குச் சொன்னது யார்? குட்டு வாங்கியவரேதான்.

அடுத்த மூன்று மாதத்திற்குள், ஹாலந்துக்குப் படிக்கப் போன அந்தப் பையனை வழியனுப்ப ஜான்சன் ஹார்விச் துறைமுகம் வரை கூடவே போனார். ஜால்ராவுக்காக யாரும் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டார்கள்.

அப்புறம், பின்னாலேயே சுற்றினார் என்பதும் சரியில்லை. பாஸ்வெல் எடின்பரோவில் வக்கீல், குடும்பஸ்தர், கோர்ட் லீவில்தான் லண்டன் வருவார். மே மாதம் தாதரில் ரயிலேறி ஊருக்குப் போய், வருஷத்துப் பேச்சையெல்லாம் அந்தச் சில வாரத்திலேயே பேசித் தீர்க்கிற நம் ஆட்கள் மாதிரிதான். 21 வருஷப் பழக்கத்தில் சேர்ந்து கழித்த நாட்களைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு வருஷம் தேறும். அதிலும் பெரிய பங்கு 1773-இல் போன ஸ்காட்லாந்துப் பயணம். ஜான்சனின் 64-ஆவது பிறந்தநாள் ஸ்கை தீவில்தான் வந்தது.

நச்சரித்தார், அதை மறுக்கவில்லை. மாட்டுக்கு வால் ஏன் நீளம், நரிக்கு வால் ஏன் புசுபுசுவென்று இருக்கிறது என்ற ரகத்தில் கேட்டே சாகடிக்கிறாய் என்று ஜான்சன் ஒருநாள் வெடித்தார். அதுவும் பாஸ்வெல் எழுதி 1791-இல் வந்த ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. உ.வே.சா. தம் ஆசிரியரைப் பற்றி எழுதியதில் உள்ள குருபக்தியை இதில் தேடாதீர்கள், இவர் வேறு ரகம்.

எனக்குப் பிடித்தது ஆரஞ்சுத் தோல் விவகாரம். ஜான்சன் சாறு பிழிந்த பிறகு தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார், காயவைத்து நறுக்கியும் வைப்பார். எதற்கு என்று பாஸ்வெல் துருவினார். சொல்லவில்லை. சரி, 'எவ்வளவு கேட்டும் கடைசிவரை சொல்லவில்லை' என்றுதான் உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று இவர் மிரட்ட, ஜான்சன் அந்த வாக்கியத்தையே திருத்திக்கொடுத்தார்: "இன்னும் அழுத்தமாகச் சொல். உயிர் நண்பர்கள் கேட்டும் சொல்லவில்லை என்று போடு."