தாங்கி நின்னவர மட்டும் பாத்தா போதுமா?

வணக்கம் அண்ணா,
அமெரிக்காவோட வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமில பெஞ்சமின் டேவிஸ்ங்கிற கறுப்பின மாணவர்கிட்ட நாலு வருஷம் யாருமே பேசலன்னு நீங்க எழுதினத படிச்சேன். நான் ஸ்கூல்ல என்சிசி பாத்துக்கிற வாத்தியார். பசங்ககிட்ட இத சொன்னேன், அசந்து போயிட்டாங்க. ஆனா ஒண்ணு தோணுது. அந்த ஒதுக்கல்தானே அவர இரும்பாக்கி பின்னாடி ஜெனரல் வரைக்கும் கொண்டு போச்சு? அப்ப அத முழுசா தப்புன்னு சொல்லிட முடியுமா?
- ஒரு வாசகர், தேனி

அன்புள்ள தம்பி,

முழுசா தப்புதான். இதுல எனக்கு கொஞ்சம்கூட சந்தேகம் இல்ல.

டேவிஸ் 1932-ல சேரும்போது மொத சில நாள் எல்லாரும் நல்லாதான் பழகினாங்க. ஒருநாள் கீழ்தளத்துல மீட்டிங்னு சொன்னாங்க, தனக்கும் சேத்துதான்னு நெனச்சு இவரும் போறார், உள்ள பேசிக்கிட்டு இருந்ததே இவர எப்படி வெளிய அனுப்புறதுங்கிறதப் பத்திதான். அன்னைல இருந்து 1936-ல பட்டம் வாங்குற வரைக்கும் வேலை விஷயமா தவிர ஒருத்தரும் பேசல. ரூம்மேட் கிடையாது. மெஸ்ல ஒரு டேபிள்ல உக்காரணும்னா அங்க இருக்கவங்ககிட்ட அனுமதி கேக்கணும், உக்காந்த அப்புறமும் பேச்சு கிடையாது. இந்த 'சைலன்ஸ்' அங்க ஏற்கெனவே இருந்த ஒரு தண்டனை. பொய் சொல்லி, ஏமாத்தி மாட்டிக்கிட்டும் அகாடமிய விட்டு போக மாட்டேன்னு நிக்கிறவனுக்கு மாணவர்களே கொடுக்குறது. டேவிஸ் எந்த விதியையும் மீறல. தோல் கறுப்பா இருந்தது, அவ்வளவுதான். அதிகாரிங்களுக்கு தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனைக்கு நடுவுலயும் 276 பேர் இருந்த பேட்ச்ல 35-வதா வந்தார்.

சரி, அந்த ஒதுக்கல்தான் அவர உருவாக்குச்சுன்னா, அதே இடத்துல அதே ஒதுக்கல அனுபவிச்ச மத்தவங்க என்ன ஆனாங்கன்னும் பாக்கணும் இல்லையா.

1870-ல மொத கறுப்பின மாணவரா சேந்தவர் ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித். தண்ணி மொள்ளுற இடத்துல ஆரம்பிச்ச தகராறு ராணுவ விசாரணையான கோர்ட் மார்ஷல் வரைக்கும் போச்சு, அடுத்தடுத்து கேஸ், கடைசில 1874-ல ஒரு பரீட்சைல ஃபெயில்னு வெளிய அனுப்பிட்டாங்க, ரெண்டே வருஷத்துல காசநோய்ல செத்துப் போனார், முப்பது வயசுகூட ஆகல.

அடுத்து ஜான்சன் விட்டேக்கர். 1880 ஏப்ரல்ல ஒருநாள் காலைல ரோல்காலுக்கு ஆள காணோம், போய் பாத்தா ரூம்ல கால கட்டில்ல கட்டிப்போட்டு, காத கீறி, முடிய வெட்டி, ரத்தத்தோட கெடக்குறார். மொத நாள்தான் அவருக்கு ஒரு மிரட்டல் சீட்டு வந்திருந்தது. அகாடமி என்ன முடிவுக்கு வந்துச்சு தெரியுமா? அவரே தன்ன கட்டிக்கிட்டு, தன் காத தானே அறுத்துக்கிட்டு நாடகம் ஆடுறார்னு. அந்த சீட்டும் அவர் கையெழுத்துதான்னு சொல்றதுக்கு நிபுணர்களே வந்தாங்க. குற்றவாளின்னு தீர்ப்பு. 1882-ல ஜனாதிபதி ஆர்தர் அந்த தீர்ப்ப ரத்து பண்ணினார், ஆனா உடனே வேற ஒரு பரீட்சைல ஃபெயில் ஆனத காட்டி வெளிய அனுப்பிட்டாங்க. அவருக்கு வரவேண்டிய அதிகாரி பதவி 1995-லதான் வந்துச்சு, வாங்கிக்க வாரிசுங்கதான் இருந்தாங்க.

1877-ல வெஸ்ட் பாயிண்ட்ல பட்டம் வாங்கின மொத கறுப்பின மாணவர் ஹென்றி ஃப்ளிப்பர், அடிமையா பொறந்தவர். எல்லாத்தையும் தாங்கி ஜெயிச்சவர்தானே அவரும்? நாலஞ்சு வருஷத்துல ஒரு பணக் கணக்கு விவகாரத்துல மாட்டி, பணம் கையாடலன்னு நிரூபிச்ச பிறகும் நடத்தை சரியில்லன்னு சொல்லி வேலைய பிடுங்கிட்டாங்க. மன்னிப்பு 1999-ல. அவருக்கு அப்புறம் பட்டம் வாங்கினது ஜான் அலெக்சாண்டர், 1889-ல சார்லஸ் யங், அதோட சரி, டேவிஸ் வர்ற வரைக்கும் 47 வருஷம் ஒரு கறுப்பின மாணவர்கூட அங்க பட்டம் வாங்கல.

டேவிஸ இரும்பாக்குனதா சொல்ற அந்த நாலு வருஷம் அவருக்கு எந்த கதவ திறந்துச்சுன்னு பாருங்க. விமானப்படைக்கு அப்ளை பண்ணினப்ப கறுப்பினத்தவங்களுக்கு அங்க யூனிட்டே இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம்ல அதிகாரியா போன பிறகும் ஆபீசர்ஸ் கிளப்ல சேக்கல. அவர் மேல வந்தது, டஸ்கீகிங்கிற ஊர்ல கறுப்பின விமானிகளுக்கு பயிற்சி ஆரம்பிச்சு, அந்தப் படைய நடத்துற வாய்ப்பு கெடச்சதாலதான். 1948-ல ஜனாதிபதி ட்ரூமன் ராணுவத்துல எல்லாரையும் சமமா நடத்தணும்னு உத்தரவு போட்டார். வாய்ப்பு கெடச்ச எடத்துல அவர் திறமை தெரிஞ்சது. திறமை அவருக்கு 1932-லயே இருந்தது தம்பி.

இன்னொண்ணும் சொல்லணும். கடற்படை அகாடமி அன்னாபொலிஸ்ல மொத கறுப்பின பட்டதாரி வெஸ்லி பிரவுன், 1949. அவருக்கு முன்னாடி சேந்த கறுப்பின மாணவங்க யாருமே அங்க முடிக்கல. அவருக்கும் தொல்லை ஏகப்பட்டது இருந்துச்சு, ஆனா ஓட்டப் பந்தய டீம்ல கூட ஓடுன சீனியர் ஒருத்தர் வெளிப்படையா அவர்கிட்ட பேசி தைரியம் சொன்னார். பின்னாடி ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர்தான் அது. அவர் பேசினதால பிரவுன் ஒண்ணும் இளகிப் போயிடல, நல்லபடியா முடிச்சு கடற்படைல இன்ஜினியரா இருபது வருஷம் போல வேலை பாத்தார். ஒருத்தன் பேசினா எவ்வளவு மாறும்னு வெஸ்ட் பாயிண்ட்ல நாலு வருஷமும் யாரும் முயற்சி பண்ணி பாக்கல.

பசங்ககிட்ட டேவிஸ் கதைய தாராளமா சொல்லுங்க. ஆனா விட்டேக்கர்ல இருந்து ஆரம்பிங்க. சொல்லி முடிச்சதும், அந்த மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்த மத்த 275 பேர்ல நீ ஒருத்தனா இருந்தா என்ன பண்ணியிருப்பன்னு கேளுங்க. என்ன பதில் வருதோ அத எனக்கு எழுதி அனுப்புங்க.