அம்மாவுக்கு லோயர், தம்பதிக்கு கூபே: இரவு ரயில் கேள்வி பதில்

வேலை நிமித்தமாக இருபது வருடத்துக்கும் மேலாக மாதத்தில் நாலைந்து இரவு ரயிலில்தான் தூக்கம். டிக்கெட் போடுவதில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்பதுதான் என் தகுதி. கேளுங்கள்.

சார், அம்மாவுக்கு 68 வயது. நாங்கள் நாலு பேரும் ஒரே டிக்கெட்டில் போட்டு, அம்மாவுக்கு லோயர் என்றுதான் கொடுத்தோம். அப்பர் வந்திருக்கிறது. வயதைக்கூடப் பார்க்க மாட்டார்களா?

பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் பார்க்க விடவில்லை. கீழ் பெர்த்துக்கு என்று ஒவ்வொரு பெட்டியிலும் சில இடங்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கானது அது. நிபந்தனை என்னவென்றால், அந்த டிக்கெட்டில் அவர் மட்டும் இருக்க வேண்டும். அல்லது இருவர் என்றால் இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். மகனும் மருமகளும் பேரனும் அதே டிக்கெட்டில் ஏறிவிட்டால் அம்மா பொதுக் கோட்டாவுக்குப் போய்விடுகிறார். அங்கே லோயர் என்று கேட்பது ஒரு விண்ணப்பம்தான், உரிமை இல்லை.

நானும் என் அம்மாவை இப்படித்தான் ஒருமுறை அப்பர் பெர்த்தில் ஏற்றினேன். எதிரே இருந்த கல்லூரிப் பையன் இரக்கப்பட்டு இடம் மாற்றிக்கொண்டான். அம்மா திருநெல்வேலி வரும்வரை அவனுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார்.

எனவே அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். கோட்டா என்ற இடத்தில் 'ஜெனரல்' என்பதை மாற்றி, லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு, என்ன கோச் விழுந்தது என்று பார்த்து, மற்றவர்களுக்குப் போடும்போது 'விரும்பும் கோச்' என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். இடம் இருந்தால் ஒரே பெட்டியில் விழும்.

'குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும் புக் செய்' என்று ஐஆர்சிடிசியில் ஒரு வசதி இருக்கிறதே, அதை டிக் செய்யலாமா அண்ணா?

வண்டி காலியாக இருக்கும்போது செய்யலாம். பண்டிகைக் கூட்டத்தில் வேண்டாம் தம்பி. லோயர் இல்லையென்றால் டிக்கெட்டே விழாது. பணம் திரும்பி வந்துவிடும், ஆனால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

டிக்கெட்டில் எண் 37 என்று இருக்கிறது. மேலா, கீழா, நடுவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் எட்டெட்டாகக் கணக்கு. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் லோயர்; 2, 5 மிடில்; 3, 6 அப்பர்; 7 சைடு லோயர்; மீதி இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். உங்கள் 37-ல் 32 போக மீதி 5. மிடில். வாழ்த்துகள் சொல்ல முடியவில்லை.

இரண்டடுக்கு ஏசியில் மிடில் கிடையாது, அதனால் ஆறால் வகுக்க வேண்டும். 1, 3 லோயர். 2, 4 அப்பர். 5 சைடு லோயர். மீதி இல்லையென்றால் சைடு அப்பர்.

எனக்குச் சின்னச் சத்தத்துக்கே தூக்கம் கலைந்துவிடும். பெட்டியில் எந்த இடம் நல்லது?

நடுப்பகுதி. ஸ்லீப்பரில் 33 முதல் 40 வரை விழுந்தால் நிம்மதி. இரண்டு காரணம் உண்டு. சக்கரங்கள் பெட்டியின் இரு முனைகளுக்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆட்டமும் இரைச்சலும் அங்கேதான் அதிகம். கழிவறையும் கதவும் அந்த முனைகளில்தான். 1 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு இரவு முழுக்கக் கதவு படார் படார் என்று அடிப்பது கேட்கும். விளக்கு, வாடை, இறங்குகிறவர்களின் பெட்டி முட்டுவது எல்லாம் சேர்ந்து வரும். கடைசி எட்டும் அதே கதைதான். பழைய பெட்டி என்றால் ஸ்லீப்பரில் 72 வரை, எல்ஹெச்பி எனும் புதுவகைப் பெட்டி என்றால் 80 வரை எண் போகும்.

என்னைக் கேட்டால் தூக்கத்துக்கு அப்பர்தான். யாரும் வந்து உட்கார மாட்டார்கள், ஒன்பது மணிக்கே படுத்துவிடலாம். உயரமானவர்கள் சைடு பெர்த் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் தடுப்பு இருப்பதால் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும்.

கல்யாணமாகி முதல் பயணம். இருவருக்கும் தனி அறை வேண்டும். கூபே எப்படிப் பிடிப்பது?

கூபே முதல் வகுப்பு ஏசியில் மட்டும்தான். அதில் இரண்டு விதம்: நாலு பேர் படுக்கும் கேபின், இருவர் படுக்கும் கூபே. இரண்டுக்கும் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் கதவு உண்டு. முழு எல்ஹெச்பி முதல் வகுப்புப் பெட்டியிலேயே மொத்தம் 24 பெர்த்தான், பாதிப் பெட்டி மட்டும் இணைத்திருக்கும் வண்டிகளில் இன்னும் குறைவு. அதில் கூபே எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த வகுப்பில் டிக்கெட் எடுத்தவுடன் எண் வராது. உறுதி என்று மட்டும்தான் இருக்கும். எந்த அறை, எந்த எழுத்து என்பது சார்ட் (வண்டி கிளம்பும் முன் போடும் இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரிக்கும்போதுதான் முடிவாகும். புக் செய்யும்போது விருப்பத்தில் கூபே என்று கொடுங்கள். இருவரும் ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட்டின் பதிவு எண்) இருங்கள், அது மிக முக்கியம். அப்புறம், வண்டி புறப்படும் கோட்டத்தின் வணிகப் பிரிவு அலுவலகத்தில் பிஎன்ஆர் எழுதி ஒரு விண்ணப்பக் கடிதம் கொடுக்கலாம். கட்டாயமாகக் கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தட்கலில் முயற்சி செய்யலாமே என்று கேட்பீர்கள். முதல் வகுப்பு ஏசிக்குத் தட்கலே கிடையாது.

எங்கள் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதற்கும் முதல் வகுப்பு ஏசிதான். கூபே என்றால் இரண்டு பெர்த்துக்கும், கேபின் என்றால் நாலுக்கும் நீங்களே டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். தெரியாதவர் இருக்கும் அறையில் விட மாட்டார்கள். தடுப்பூசிச் சான்றிதழோடு நாயைக் கொஞ்சம் முன்னதாகவே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்சல் அலுவலகத்தில் தனியாகக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். நாய்க்குச் சோறும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு.

பொங்கலுக்கு ஊருக்குப் போக எப்போது புக்கிங் திறக்கும்? 120 நாள்தானே?

அது பழைய கணக்கு. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள், பயண நாளைச் சேர்க்காமல். ஜனவரி 13-ம் தேதி கிளம்பும் வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணி. பயணிகள் பெயர், வயதெல்லாம் முந்தின நாளே மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வையுங்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்து பெயர் தட்டினால் முடிந்தது கதை.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு நள்ளிரவு வண்டி. சனிக்கிழமை 00.20 என்றால் அது வெள்ளிக்கிழமை இரவு. என் அலுவலக நண்பர் சனிக்கிழமை இரவு பெட்டி படுக்கையோடு போய் நின்றார். அவர் வண்டி 24 மணி நேரம் முன்னாலேயே போய்விட்டிருந்தது.

ஆர்ஏசி வந்தால் ஏறலாமா? பெண் தனியாகப் போகிறேன்.

ஏறலாம் அம்மா. ஆர்ஏசிக்கு உட்காரும் இடம் நிச்சயம் உண்டு. சைடு லோயரை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வராதவர்கள் இடம் காலியானால் டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) பெர்த் கொடுப்பார், அதனால் அவர் வரும்போது தூங்கிவிடாமல் கேட்டு வையுங்கள். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பரில் தனியாகப் போகும் பெண்களுக்கு என்று லேடீஸ் கோட்டாவும் இருக்கிறது. ஜெனரலில் வெயிட்டிங் காட்டும்போது நிறையப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

மிடில் பெர்த்காரர் எட்டு மணிக்கே பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டார். கீழே நான் குனிந்துகொண்டே சாப்பிட்டேன். சொல்ல உரிமை உண்டா?

உண்டு. படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன்னால் நீங்கள் உட்கார வேண்டும் என்றால் அவர் இறக்கிவிட வேண்டும். அதே மாதிரி பத்து மணிக்கு மேல் நீங்கள் லோயரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு அவரைக் காக்க வைக்கவும் முடியாது. முதலில் "சாப்பிட்டு முடித்துவிடுகிறேன் சார், பத்து நிமிஷம்" என்று கேளுங்கள். கேட்கவில்லையென்றால் டிடிஇயிடம் சொல்லுங்கள். இட்லி ஆறுவதற்குள் அவர் வருவாரா என்பது வேறு விஷயம்.