ஸ்பேசர் வாங்கும்போது முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. அடிக்கடி இளைப்பு வருவதால் டாக்டர் இன்ஹேலரும், அதற்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக் கடையில் பல விதமான ஸ்பேசர்களைக் காட்டினார்கள். விலையில் நிறைய வித்தியாசம். எதை வாங்குவது? ஸ்பேசர் இல்லாமல் நேரடியாக வாயில் அடித்தால் ஆகாதா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. இன்ஹேலரை அமுக்கியதும் மருந்து மிக வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். அதே நொடியில் மூச்சை மெதுவாக, ஆழமாக உள்ளே இழுத்தால்தான் அது நுரையீரல் வரை போகும். பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். நேரடியாக அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொண்டு, பிறகு வயிற்றுக்குள் போய்விடும். ஸ்பேசர் அந்த வேகத்தை அடக்குகிறது. பெரிய துளிகள் குழாயின் சுவரில் படிந்துவிடும். நுண்ணிய துளிகள் உள்ளே சிறிது நேரம் மிதந்து நிற்கும். குழந்தை வழக்கம்போல மூச்சு விட்டாலே போதும், மருந்து போய்ச் சேரும்.

எதை வாங்குவது என்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது மாஸ்க்கை. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் உள்ள ஸ்பேசர்தான் சரி. அது மூக்கையும் வாயையும் முழுதாக மூட வேண்டும், கண்ணில் இடிக்கக் கூடாது. மிருதுவான சிலிக்கான் விளிம்பு கன்னத்தோடு படிந்து உட்காரும். விறைப்பான பிளாஸ்டிக் விளிம்பு ஏதாவது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சின்ன இடைவெளி போதும், குழந்தை வெளிக்காற்றை மூச்சாக இழுத்துவிடும். மருந்து ஸ்பேசருக்குள்ளேயே தங்கிவிடும். நல்ல குழாயும் நல்ல மருந்தும் இருந்தும் பலன் கிடைக்காத வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பெட்டியில் போட்டிருக்கும் வயது ஒரு குத்துமதிப்புதான், முகத்தின் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். அதனால் முதல் முறை ஆன்லைனில் வாங்காமல், குழந்தையோடு கடைக்குப் போய் வாங்குங்கள். வாயில் வைக்கும் பொருள் என்பதால் பிரித்த பிறகு திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும். அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வால்வு. குழந்தை மூச்சை இழுக்கும்போது திறந்து, விடும்போது மூடிக்கொள்ளும் மெல்லிய மடிப்பு அது. அசைவது வெளியே தெரியும்படி இருந்தால் நல்லது. எத்தனை மூச்சு எடுத்தாள் என்று எண்ண அது உதவும். இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோய், ஸ்பேசரின் பின்துளையில் ஆட்டம் இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். சிறு குழந்தைக்குப் பெரிய குழாய் வேண்டாம். அதைக் காலி செய்ய அவள் நிறைய மூச்சு இழுக்க வேண்டியிருக்கும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாயில் கவ்வும் முனையோடும் பயன்படுத்த முடிகிற மாதிரி இருந்தால் காசு மிச்சம். நாலு வயது வாக்கில் உதட்டை இறுக்கி வாயால் மூச்சுவிடப் பழகியதும் மாஸ்க் தேவைப்படாது, மருந்தும் கூடுதலாகப் போகும். சில வகைகளில் விசில் ஒன்று இருக்கும். விசில் அடித்தால் மருந்து நன்றாகப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சை அளவுக்கு மீறி வேகமாக இழுப்பதைத்தான் அது காட்டுகிறது.

கேள்வி: மாஸ்க்கைப் பார்த்தாலே என் பையன் அலறுகிறான். அழும்போது வாய் திறந்திருப்பதால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை. அழும் குழந்தை நீளமாக மூச்சை விட்டு, வெடுக்கென்று இழுக்கிறது. அந்த வேகத்தில் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும், நுரையீரலுக்குப் போவது மிகவும் குறைந்துவிடும். தலையைத் திருப்புவதால் மாஸ்க்கும் விலகும். தூங்கும்போது வைத்துவிடலாம் என்றாலும் பெரும்பாலும் விழித்துக்கொண்டு அதே அழுகைதான்.

நன்றாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். மருந்து இல்லாமல் ஸ்பேசரை மட்டும் கையில் கொடுத்து விளையாட விடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், உங்களுக்கு வைக்கட்டும். இளைப்பு வந்து தவிக்கும் வேளையில் முதன்முதலாக ஒரு மாஸ்க்கை முகத்தில் அழுத்தினால் எந்தப் பிள்ளைதான் பயப்படாது?

மருந்து கொடுக்கும்போது மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, மாஸ்க்கை முகத்தில் பதித்த பிறகு ஒரே ஒரு முறை அமுக்குங்கள். மாஸ்க்கை எடுக்காமல், வால்வு ஐந்தாறு முறை அசையும் வரை பொறுத்திருங்கள். இரண்டாவது பஃப், அதாவது இன்னொரு அமுக்கல், டாக்டர் சொல்லியிருந்தால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, சுவரில் படிவதுதான் அதிகமாகும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து, அல்லது தண்ணீர் குடிக்க வைத்து, மாஸ்க் பட்ட இடத்தையும் துடைத்துவிடுங்கள். வாயில் வெள்ளை வெள்ளையாகப் படரும் பூஞ்சைத் தொற்று வராமல் இருக்க அது உதவும்.

கேள்வி: எப்படியும் செலவு செய்கிறோம். அதற்கு நெபுலைசர் மெஷினே வாங்கிவிட்டால் பலமாக இருக்காதா?

பதில்: மெஷின் ஓடும் சத்தமும் புகை போல எழும் மருந்தும் பெற்றோருக்குத் தெம்பைத் தருகின்றன, அது புரிகிறது. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில், உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமா இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகக் கொடுப்பது நெபுலைசருக்கு எந்த வகையிலும் குறைவில்லை என்றுதான் தெரியவந்தது. ஸ்பேசரில் மருந்து பெற்ற குழந்தைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரமும் குறைவு, நெஞ்சுப் படபடப்பும் குறைவு. டாக்டர் குறிப்பாகச் சொல்லாதவரை மெஷினுக்குப் பணம் போடாதீர்கள். ஸ்பேசரைப் பையில் போட்டுக்கொள்ளலாம், மின்சாரம் வேண்டாம், ஒரு நிமிடத்தில் ஒரு பஃப் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறது, பேசவோ பால் குடிக்கவோ முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, கொடுத்த மருந்தின் பலன் நாலு மணி நேரம்கூட நிற்கவில்லை, இவற்றில் எது ஒன்று நடந்தாலும் வீட்டில் எந்தக் கருவி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். போகும் வழியிலும் ஸ்பேசர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஸ்பேசரைக் கழுவித் துணியால் நன்றாகத் துடைத்து வைக்கிறேன். ஆனாலும் முன்போல வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. எத்தனை நாளில் மாற்ற வேண்டும்?

பதில்: அந்தத் துடைப்பதை நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்துத் துளிகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, அப்படியே நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலர விடுங்கள். மாதம் ஒருமுறை போதும் என்று சில நிறுவனங்களும் வாரம் ஒருமுறை என்று சில நிறுவனங்களும் சொல்கின்றன, உங்கள் பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். நிலைமின்னேற்றம் பிடிக்காத வகைகளும் கிடைக்கின்றன. வால்வு சுருண்டாலோ, ஒட்டிக்கொண்டாலோ, குழாயில் கீறல் விட்டாலோ உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வதே வழக்கம்.

இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது நம்பகமான சோதனை அல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் பீய்ச்சிக்கொண்டிருக்கும், அதனால் குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், பெட்டியில் எத்தனை பஃப் என்று போட்டிருக்கிறது என்று பார்த்து, தினமும் கொடுப்பதைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.