கணவருக்குப் பக்கவாதம், கையில் ஏழு மாதக் குழந்தை

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டும் என் கணவருக்கு வயது 36. திடீரென்று பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். ஏழு மாதக் குழந்தையோடு எப்படிச் சமாளிப்பேன், அக்கா? சம்பளமும் நின்றுவிடுமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உடனே நிற்காது, தங்கச்சி. மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோய்க்கு வருடத்துக்கு 60 நாள் வரை சம்பள விடுப்பு உண்டு. டாக்டர் தரும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தாள்களைத் தோட்ட ஆபீஸில் கொடுத்து, நகலை நீ வைத்துக்கொள். பிறகும் தேறாவிட்டால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு போடலாம். சந்தா கட்டிய மாதங்களைப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடாதே.

முதல் சில மாதங்களில்தான் கை கால் அதிகம் தேறும். பிசியோவை விடாதே. எண்ணெய் தடவச் சொல்லி ஆளாளுக்கு வருவார்கள். தடவட்டும், ஆனால் பிரஷர் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதே.

வீட்டுக்கு வருமுன் தாதியைப் பிடித்துக் கேள்: சோறு விழுங்க முடிகிறதா, எந்தப் பதத்தில் கொடுப்பது? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை உன்னையே செய்யவைத்துப் பார்க்கச் சொல். உனக்கு முதுகு பிடித்துக்கொண்டால் குழந்தையை யார் தூக்குவது?

அவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையை வலது கைப் பக்கம் கொடு, நீ பக்கத்திலேயே இரு. தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகைக் காலம் போய்விட்டது, சரி. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க என்ன கூச்சம்? அந்த நேரத்தில் துணி துவைக்காதே, தூங்கு.